‘முடியாது’ என்று சொல்வதற்கு முன்

2018-19 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்குப் புதிய கணினி அறிவியல் பாடநூல் வந்தது. சி++ நிரல்களைச் செய்து பார்க்க, டெவ் சி++ என்ற திறந்த மூல மென்பொருளை அது அறிமுகப்படுத்தியது. ஒருநாள் வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி வந்து, “சார், எங்க வீட்டுல ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. அதுல இதைப் போட்டுத் தருவீங்களா?” என்று கேட்டாள். அவளுடைய அப்பா வேலை பார்த்த அச்சகத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய கணினி அது. விண்டோஸ் 98, நினைவகம் 64 எம்பி.

நான் யோசிக்கவே இல்லை. “அது ரொம்பப் பழசும்மா. அதுல முடியாது” என்றேன். “சரிங்க சார்” என்று போய்விட்டாள்.

சில நாள்களுக்குப் பிறகு, நிரல்பெயர்ப்பிகளின் வரலாற்றை வகுப்பில் சொல்வதற்காகப் படித்துக்கொண்டிருந்தேன். நான் சொன்ன அதே ‘முடியாது’ அங்கே எனக்காகக் காத்திருந்தது.

ஒரு கூட்டத்தில் எழுந்த கேள்வி

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனூ திட்டத்தை அறிவித்தார். மூல நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்பதே அதன் அடிப்படை. அத்திட்டத்தின் நிரல்பெயர்ப்பியான ஜிசிசி 1987-இல் வெளிவந்தது. அது யுனிக்ஸ் கணினிகளுக்காக எழுதப்பட்டது. வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்தவையோ 1981-இல் வந்த எம்எஸ்-டாஸ் இயக்க அமைப்பில் ஓடிய கணினிகள்.

1989 வாக்கில், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் நடந்த யுனிக்ஸ் பயனர் கூட்டமொன்றில் ஸ்டால்மன் பேசினார். டி.ஜே. டெலோரி என்ற நிரலாளர் எழுந்து, ஜிசிசியை டாஸுக்குக் கொண்டுவரும் எண்ணம் உண்டா என்று கேட்டார். ஜிசிசி மிகப் பெரியது, டாஸ் 16 பிட் அமைப்பு, ஆகவே முடியாது என்று பதில் வந்தது. டெலோரி அதைச் சவாலாக எடுத்துக்கொண்டார். அந்த முயற்சியில் பிறந்ததுதான் டிஜேஜிபிபி.

‘முடியாது’ என்று சொன்னவர் ஜிசிசியை எழுதியவரே. அவர் சொன்ன காரணங்களும் பொய்யல்ல. பிறகு எப்படி முடிந்தது?

தடை எங்கே இருந்தது?

டாஸ், 8086 வகைச் செயலிகளை மனத்தில் வைத்து உருவானது. அந்தச் செயலியால் 1 எம்பி நினைவகத்தைத்தான் எட்ட முடியும். அதிலும் நிரல்களுக்குக் கிடைப்பது 640 கேபி. ஜிசிசி போன்ற பெரிய மென்பொருளுக்கு அது போதாது.

ஆனால் 1985-இல் இன்டெல் நிறுவனத்தின் 386 செயலி வந்துவிட்டது. அது 32 பிட் செயலி. 4 ஜிபி நினைவகம் வரை எட்டக்கூடியது. டாஸ் அந்தத் திறனைப் பயன்படுத்தவே இல்லை. 386 செயலியைப் பொருத்தினாலும், அதை வேகமான ஒரு 8086-ஆகவே நடத்தியது. இயந்திரத்துக்குத் திறன் இருந்தது. இயக்க அமைப்புக்குத்தான் அது தெரியவில்லை.

இதை மாணவர்களுக்கு நான் இப்படிச் சொல்வதுண்டு. ஓர் அலுவலகத்தில் அனுபவமுள்ள எழுத்தர் ஒருவர் இருக்கிறார். அவருக்குத் தம் மேசை மட்டுமே தெரியும். பின்னால் பெரிய அறை காலியாகக் கிடக்கிறது. அங்கே அவர் போகவே மாட்டார். ஆனால் கோப்புகளை எடுக்கவும் வைக்கவும் அவர் ஒருவரால்தான் முடியும். ஆகவே பெரிய வேலையை எல்லாம் பின்னறையில் நடத்துகிறோம். கோப்பு தேவைப்படும்போது ஓர் உதவியாளர் மேசைக்கு வந்து, எழுத்தரிடம் கேட்டு வாங்கிப் பின்னறைக்குக் கொண்டுபோகிறார்.

எழுத்தர்தான் டாஸ். பின்னறை, 1 எம்பிக்கு அப்பாலுள்ள நினைவகம். உதவியாளர், ‘டாஸ் நீட்டிப்பான்’ எனப்படும் சிறு நிரல். அது செயலியை 32 பிட் நிலைக்கு மாற்றி நிரலை ஓடவிடும். வட்டிலிருந்து படிக்க வேண்டியபோது பழைய நிலைக்குத் திரும்பி டாஸைக் கேட்கும். கிடைத்ததைக் கீழ் நினைவகத்தில் ஒரு சிறு இடத்தில் வாங்கி, மேலே நகலெடுத்துத் தரும். டெலோரி இதற்காக எழுதிய நிரலின் பெயர் கோ32. பின்னர் வந்த இரண்டாம் பதிப்பு இதே வேலைக்கு டிபிஎம்ஐ என்ற பொது விதிமுறையைப் பின்பற்றியது.

சின்னச் சின்ன முட்டுக்கட்டைகள்

நினைவகத்தோடு சிக்கல் தீரவில்லை. டாஸில் கோப்பின் பெயர் எட்டு எழுத்து, அதன் பின்னொட்டு மூன்று எழுத்து; அவ்வளவுதான். கோப்புப் பெயரில் கூட்டல் குறியும் கூடாது. அதனால் சி++ நிரல்பெயர்ப்பியான ஜி++, டாஸில் ஜிஎக்ஸ்எக்ஸ் என்று பெயர் மாறியது. யுனிக்ஸில் கோப்புறைகளைப் பிரிக்கும் சாய்கோடு டாஸில் எதிர்ப்பக்கம் சாயும். ஒரு கட்டளையில் சுமார் 126 எழுத்துகளுக்கு மேல் தர முடியாது. இவை ஒவ்வொன்றுக்கும் மாற்றுவழி எழுத வேண்டியிருந்தது. உலகின் பல இடங்களிலிருந்து தன்னார்வலர்கள் எழுதினார்கள். மூல நிரல் திறந்திருந்ததால்தான் அது சாத்தியமானது. பூட்டிய மென்பொருளாக இருந்திருந்தால், உரிமையாளர் ‘முடியாது’ என்று சொன்னதோடு கதை முடிந்திருக்கும்.

1996-இல் வந்த புகழ்பெற்ற குவேக் கணினி விளையாட்டின் டாஸ் பதிப்பு, இந்த டிஜேஜிபிபியைக் கொண்டே உருவாக்கப்பட்டது.

மாணவியின் வீட்டில்

இதைப் படித்த மறுநாள் அந்த மாணவியைக் கூப்பிட்டேன். “அவசரப்பட்டுச் சொல்லிட்டேம்மா. முயற்சி பண்ணிப் பார்க்கலாம்” என்றேன். சனிக்கிழமை அவள் அப்பாவே கணினியைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். பென் டிரைவைச் செருகினால் விண்டோஸ் 98-க்கு அடையாளம் தெரியவில்லை. ஆய்வகக் கணினியில் குறுந்தகடு எழுதி, டிஜேஜிபிபியையும் ஜிசிசியின் சற்றுப் பழைய பதிப்பு ஒன்றையும் ஏற்றினோம். முதல் நிரல் ஓடச் சற்று நேரம் பிடித்தது. ஆனால் ஓடியது.

பழைய பாடத்திட்டக் காலத்தில் நாம் பயன்படுத்திய டர்போ சி++ மென்பொருளும் அந்தக் கணினியில் ஏற்கெனவே இருந்தது. ஒரு சோதனை செய்யச் சொன்னேன். இன்ட் வகை மாறியில் 32767 என்ற எண்ணை இட்டு, அதோடு 1 கூட்டி, விடையை அச்சிட வேண்டும். டர்போ சி++ காட்டிய விடை -32768. டிஜேஜிபிபி காட்டிய விடை 32768.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “ஒரே கம்ப்யூட்டர்தானே சார்?” என்று கேட்டாள். ஆம், ஒரே கணினி, ஒரே செயலி. டர்போ சி++ இன்ட் மாறிக்கு 2 பைட் ஒதுக்குகிறது; டிஜேஜிபிபி 4 பைட் ஒதுக்குகிறது. தவறான விடைக்குக் காரணம் அந்தப் பழைய இயந்திரமல்ல. அதற்கு நாம் கொடுத்திருந்த கருவி.

இந்தச் சோதனையை இப்போது ஆண்டுதோறும் வகுப்பில் செய்து காட்டுகிறேன். தரவு வகைகளின் அளவை மனப்பாடம் செய்வதைவிட, இந்த இரண்டு விடைகளையும் அருகருகே பார்ப்பது நன்றாகப் பதிகிறது. பழைய கணினி உள்ள பள்ளிகளில் நீங்களும் செய்து பார்க்கலாம்.

இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. ‘இது முடியாது’ என்று நாக்கு நுனிக்கு வரும்போது, தடை இயந்திரத்தில் இருக்கிறதா, கருவியில் இருக்கிறதா, எனக்குத் தெரியாததில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். அன்று அந்த மாணவிக்கு நான் சொன்ன ‘முடியாது’ மூன்றாம் வகையைச் சேர்ந்தது.