இமை தாழ்ந்தால் கழுத்தையும் கவனியுங்கள்

 

கண்ணில் கோளாறு என்றால் காரணமும் கண்ணில்தான் என்று நினைக்கிறோம். சில வேளை அது கழுத்தில் இருக்கும்.

மூளைக்கும் கண்ணுக்கும் இரத்தம் கொண்டு செல்லும் கரோடிட் தமனிகள் கழுத்தின் இரு பக்கமும் உள்ளன. விபத்து, பலத்த அடி, சலூனில் கழுத்தை வெடுக்கெனத் திருப்பி நெட்டி முறிப்பது போன்றவற்றால் இக்குழாயின் உட்சுவர் கிழியலாம். காரணம் எதுவும் தெரியாமலும் கிழியலாம். இரத்தம் சுவருக்குள் புகுந்து, குழாய் வீங்கும். 50 வயதுக்குட்பட்டோருக்குப் பக்கவாதம் வர இது ஒரு முக்கியக் காரணம்.

இமையைத் தூக்கவும் கண்பாவையை விரிக்கவும் உதவும் மெல்லிய நரம்பு இழைகள் இத்தமனியை ஒட்டியே மேலே செல்கின்றன. தமனி வீங்கினால் அவை பாதிக்கப்படும். அப்போது அந்தப் பக்கத்து மேல் இமை ஓரிரு மில்லிமீட்டர் தாழும்; பாவை சிறுத்துவிடும். மங்கிய வெளிச்சத்தில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். 1869-இல் இதை விவரித்த சுவிஸ் கண் மருத்துவர் ஹார்னரின் பெயராலேயே மருத்துவர்கள் இதை அழைக்கிறார்கள். பெரும்பாலும் அதே பக்கத்தில் கழுத்து, முகம் அல்லது தலை வலிக்கும்.

இன்னொரு அறிகுறி: ஒரு கண்ணில் திரை இறங்கியது போல் பார்வை மறைந்து, சில நிமிடங்களில் திரும்பி வருவது. சர்க்கரை, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளவர்களுக்குத் தமனியில் கொழுப்பு படிவதாலும் இப்படி ஆகும். "சரியாகிவிட்டதே" என்று இருந்துவிடாதீர்கள். பக்கவாதத்துக்கு முன் வரும் எச்சரிக்கை இது.

பல ஆண்டுகளாக இமை தாழ்ந்திருப்பது வேறு. திடீரெனத் தாழ்ந்தாலோ, பார்வை மறைந்தாலோ:

• சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்காதீர்கள். கழுத்தைப் பிடித்துவிடவோ, நெட்டி முறிக்கவோ வேண்டாம்.

• உடனே ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். கண் பற்றி மட்டுமல்ல, கழுத்து வலி, அடிபட்டது பற்றியும் சொல்லுங்கள்.

• வாய் கோணினால், கை கால் தளர்ந்தால், பேச்சு குழறினால் 108-ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

நேரத்தோடு கண்டறிந்தால், இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளால் பக்கவாத அபாயத்தைக் குறைக்கலாம். ரமலானில் இவ்வாறு நேர்ந்தால் இஃப்தார் வரை தள்ளிப் போடாதீர்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது; விட்ட நோன்பைப் பின்னர் நோற்றுக்கொள்ளலாம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.