உங்களுக்குத் தெரியுமா? வீடு வந்தும் வந்து சேராத மனசு

◆ திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகும் வழியில், விதுராவைத் தாண்டினால் கல்லாறு. இங்கே காட்டுக்குள் வாழும் காணி இன வைத்தியர் லட்சுமிக்குட்டி அம்மாவுக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சுமார் 500 மூலிகை மருந்துகளை நினைவிலிருந்தே தயாரிப்பவர் அவர்.

◆ ஐ.டி. கம்பெனிகளில் சொல்லித்தரும் 'மைண்ட்ஃபுல்னெஸ்' பயிற்சிக்கும் நினைவுதான் வேர். பாலி மொழியில் 'சதி', வடமொழியில் 'ஸ்மிருதி'. 1881-இல் அதற்கு இந்த ஆங்கிலச் சொல்லைப் போட்ட ரைஸ் டேவிட்ஸ், இலங்கையில் அரசு அதிகாரியாக இருந்தபோதுதான் பாலி கற்றார். 'இப்போது எங்கே இருக்கிறோம்' என்பதை மறக்காமல் இருப்பதே இந்தப் பயிற்சி. இலங்கைப் பிக்குகளுக்கு இது புதிய சேதியாக இருந்திருக்காது.

◆ 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-ஸின் இதை நோயாளிகளுக்குக் கற்றுத்தந்தார். அங்கிருந்துதான் அலுவலகங்களுக்குள் வந்தது.

◆ 'கோச்' என்ற சொல் ஹங்கேரியின் கோச் என்ற கிராமத்தில் செய்த குதிரை வண்டியிலிருந்து வந்தது. ஆளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசேர்ப்பவர் என்ற பொருளில், 19-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் தங்கள் ஆசிரியரை அப்படி அழைக்கத் தொடங்கினார்கள்.

◆ கோச்சிங் என்றதும் நீட் வகுப்பு நினைவுக்கு வரும். இங்கே சொல்வது வேறு: வேலையும் வீடும் முட்டிக்கொள்ளும் ஒருவருடன் உட்கார்ந்து, அவரே வழி கண்டுபிடிக்கும்படி கேள்வி கேட்பது. மைண்ட்ஃபுல்னெஸ் தெரிந்த கோச், பேச்சுக்கு முன் இரண்டு மூன்று நிமிடம் மூச்சைக் கவனிக்கச் சொல்வார். பிறகு, "ராத்திரி ஒன்பது மணிக்கு மேனேஜர் கூப்பிட்டதும் 'சரி' என்றீர்களே, அப்போது உடம்பில் எங்கே இறுகியது?" என்று கேட்பார். தோளா, தாடையா, வயிறா? அந்த இறுக்கத்தைக் கண்டுகொள்ளப் பழகியவருக்கு, 'சரி' வாயிலிருந்து விழுவதற்கு முன் ஒரு நொடி கிடைக்கிறது. அந்த நொடியில் "காலையில் பார்த்துத் தருகிறேன்" என்று சொல்ல முடியும். எனக்கு இந்த முறையில் மிகப் பிடித்தது இந்த ஒரு நொடிதான். இன்னொரு பழக்கமும் உண்டு: வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மூன்று மூச்சு நிதானமாக விட்டு, அதன்பின் உள்ளே போவது.

◆ ஜெர்மனியில் 246 ஊழியர்களை வைத்து நடந்த ஆய்வு 2014-இல் வெளியானது. மூன்று வாரம் மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி செய்தவர்களால், வேலை முடிந்தபின் அதை மனத்திலிருந்து இறக்கிவைக்க முடிந்தது. வேலை-வீடு சமநிலையில் திருப்தியும் கூடியது.

◆ ஆனால் இரண்டு பேர் வேலையை ஒருவர் தலையில் கட்டினால், எந்த மூச்சுப் பயிற்சியும் அதைச் சரிக்கட்டாது. வேலை நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையை பிரான்ஸ் 2017-இல் சட்டமாகவே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தூக்கமே இல்லாமல், வாழ்க்கையே வெறுத்துப்போயிருந்தால் கோச்சிடம் போகாமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

◆ இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க், 1990-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கியது. அந்த நகரத்திலிருந்து கல்லாறு சுமார் 45 கிலோமீட்டர்தான். ஆற்றில் இறங்காதீர்கள், சில கயங்கள் உயிரை வாங்கியிருக்கின்றன. கரையில் கண்ணை மூடி, தண்ணீர் கல்லில் மோதும் சத்தத்தை மட்டும் ஐந்து நிமிடம் கேளுங்கள். அதற்கு மேல் பொன்முடி வரை 22 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் மனசு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேலே இறங்கியதும், எத்தனை வளைவில் நீங்கள் பஸ்ஸில் இருந்தீர்கள், எத்தனை வளைவில் ஆபீஸில் இருந்தீர்கள் என்று எண்ணிச் சொல்லுங்கள்.