ஃபூஜி இரண்டாக்கிய ஏரி

ஜப்பானின் ஃபூஜி மலையைக் காணப் போகிறவர்களில் பலர் வடக்கு அடிவாரத்து ஏரிக்கரையில் நின்று, நீரில் தலைகீழாகத் தெரியும் சிகரத்தைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். 3,776 மீட்டர் உயரப் பனிமுடியின் அழகு அப்படி. ஆனால் அந்த அடிவாரத்தில் இருக்கும் ஐந்து ஏரிகளையும் மலைக்கு முகம்பார்க்கும் கண்ணாடியாக மட்டும் நினைப்பது எனக்கு ஒப்பவில்லை. மலை கக்கிய எரிமலைக் குழம்பு நீரின் வழியை மறித்ததால் உண்டான ஏரிகள் அவை.

மேற்கே ஒருகாலத்தில் ‘சே நோ உமி’ என்றொரு பெரிய ஏரி இருந்தது. 864-ஆம் ஆண்டு ஃபூஜியின் வடமேற்குச் சரிவு வெடித்தது. குழம்பு நேரே ஏரிக்குள் பாய்ந்தது. நீர் கொதித்து மீன்களும் ஆமைகளும் மாண்டதை அக்கால அரசவை வரலாறு பதிவு செய்திருக்கிறது. தெய்வம் சினந்துவிட்டது என்று அஞ்சி, மறு ஆண்டே காய் மாகாணத்தில் அசாமா தெய்வத்துக்குக் கோயில் எழுப்பினார்கள். அதற்குள் ஏரியின் பெரும்பகுதி தூர்ந்துபோயிருந்தது. கிழக்கு ஓரம் சாய்கோ ஏரியாகவும் மேற்கு ஓரம் ஷோஜி ஏரியாகவும் மிஞ்சின. நடுவே இறுகிய பாறைமேல் இன்று அவோகிகஹாரா காடு நிற்கிறது. பாறையைத் துளைத்து இறங்க முடியாத வேர்கள் அங்கே தரைமேலேயே பின்னிக் கிடக்கும்.

வியப்பு என்னவென்றால், சாய்கோ, ஷோஜி, பக்கத்து மோதோசு மூன்றிலும் நீர்மட்டம் கடல்மட்டத்துக்குமேல் ஏறக்குறைய 900 மீட்டர்தான். ஏறினாலும் இறங்கினாலும் மூன்றும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. குழம்புப் பாறையின் வெடிப்புகள் வழியே நிலத்தடியில் அவை தொடர்புகொண்டிருக்கின்றன என்பதுதான் விளக்கம். ஃபூஜியின் சரிவுகளில் வற்றாத ஆறு என்று ஒன்றுகூட ஓடாததற்கும் இந்தப் பாறைதான் காரணம். மழையும் உருகும் பனியும் உள்ளே இறங்கி, ஆண்டுக்கணக்கில் ஊறி, அடிவாரத்தில் ஊற்றாகப் பொங்குகின்றன. ஓஷினோவின் எட்டுக் குளங்கள் அப்படி வந்தவை. தெற்கே ககிதா ஆற்றின் ஊற்றுகளில் நாளொன்றுக்குச் சுமார் 10 லட்சம் டன் நீர் சுரக்கிறது.

மீன்கள் வெந்து மடிந்த அதே ஏரியின் மிச்சத்தில்தான் பிற்காலத்தில் ஒரு மீனினம் பிழைத்தது. ஜப்பானின் வடக்கே அகிதாவின் தசாவா ஏரிக்கு மட்டுமே உரியதாக இருந்த குனிமாசு என்ற மீன் அது. 1940-இல் மின்சாரத்துக்காகவும் பாசனத்துக்காகவும் அமிலம் மிகுந்த ஆற்றுநீரை அந்த ஏரிக்குள் திருப்பிவிட்டார்கள். குனிமாசு அழிந்தது என்றே எல்லோரும் முடிவுகட்டினார்கள். ஆனால் 1935 வாக்கிலேயே அதன் முட்டைகள் சில சாய்கோவுக்குக் கொண்டுவரப்பட்டிருந்தன. 2010-இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் நகாபோ தெத்சுஜி குழுவினர், சாய்கோவில் பிடிபட்ட கருநிற மீன்களை ஆராய்ந்து, அவை குனிமாசுதான் என்று உறுதிசெய்தார்கள். அதுவரை உள்ளூர் மீனவர்கள் அவற்றை வேறொரு மீனின் கறுத்த வகை என்றே எண்ணியிருந்தார்கள்.

தசாவா ஏரியின் அமிலத்தை முறிக்கும் வேலை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. குனிமாசு திரும்பி வாழும் அளவுக்கு அந்த நீர் இன்னும் தேறவில்லை.