படலையைச் சாத்தாதீர்கள்

2015ஆம் ஆண்டு மே மாதம் புங்குடுதீவில் பாடசாலைக்குச் சென்ற மாணவி ஒருத்தி வன்புணர்வுக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டபோது வடக்கு எங்கும் கடைகள் பூட்டப்பட்டன. மாணவர்கள் வீதிக்கு இறங்கினர். 2017 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் அமர்ந்த விசேட நீதிமன்றம் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. இறந்த பிள்ளைக்காக ஒன்றுபட்டு எழ எமது மக்களுக்குத் தெரியும்.

இதே கொடுமையை அனுபவித்து உயிரோடு வீடு திரும்பும் பிள்ளையின் நிலை என்ன? கிணற்றடியில் பேச்சு நின்றுவிடுகிறது. "அந்த வீட்டுக்குப் போகாதை" என்று மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறது. இரண்டு மூன்று முறை இடம்பெயர்ந்து, கடைசியாகக் கிடைத்த காணித்துண்டில் கொட்டில் போட்டிருக்கும் குடும்பம், ஊர்வாய்க்குப் பயந்து மீண்டும் மூட்டை கட்டுகிறது. செல்லடிக்கு ஓடியவர்கள் இப்போது அயலவரின் நாக்குக்கு ஓடுகின்றனர்.

"பாதர், வெளியிலை தெரியாமல் பேசி முடிச்சுத் தாங்கோ" என்று கேட்டு எம்மிடம் வருபவர்கள் உண்டு. செய்தவனுக்கே கட்டிவைத்தால் மானம் காக்கப்படும் என்கின்றனர் சிலர். யாருடைய மானம்? பிள்ளையை அவள் யாருக்குப் பயப்படுகிறாளோ அவனிடமே ஆயுளுக்கும் ஒப்படைப்பது தீர்வு அல்ல. இது பங்குத்தந்தையோ, கிராம அபிவிருத்திச் சங்கமோ, இணக்கசபையோ பேசித் தீர்க்கும் வழக்கும் அல்ல. செய்தவன் உறவினனாயினும், ஆசிரியனாயினும், கோயிலில் பணி செய்பவனாயினும் வழி ஒன்றுதான்.

1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டது. அதன்படி 16 வயதுக்குக் குறைந்த சிறுமி "சம்மதித்தாள்" என்று சொல்லி ஒருவன் தப்ப முடியாது. அதே திருத்தம் ஆண் பிள்ளைகளுக்கு நேரும் பாலியல் துஷ்பிரயோகத்தையும் கடுங்குற்றமாக்கியது. ஆண் பிள்ளைகளைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அவர்களும் இரவில் திடுக்கிட்டு எழும்புகின்றனர். பாதிக்கப்பட்டவரின் பெயரைப் பத்திரிகையில் வெளியிடுவது குற்றம் என்றும் அச்சட்டம் சொல்கிறது. சந்திக்கடையில் அந்தப் பெயரைச் சொல்பவரைத் தடுக்கச் சட்டம் வராது. அங்கு நிற்கும் பெரியவர்தான் தடுக்க வேண்டும்.

நடந்ததைப் பிள்ளை சொன்னால் முதலில் நம்புங்கள். "ஏன் தனியப் போனாய்?" என்று கேட்காதீர்கள். தாய்க்கோ, நம்பிக்கையான ஒரு மாமிக்கோ ஒரு தடவை சொன்னது போதும்; வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லவைக்க வேண்டாம். தாமதியாமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் பயன் உண்டு. சட்ட வைத்திய அதிகாரி பார்க்கும்வரை பிள்ளையைக் குளிப்பாட்டாமல் இருப்பது நல்லது. உடுப்பைத் தோய்க்காமல் கடதாசிப் பையில் வையுங்கள். பொலித்தீனில் வைத்தால் ஈரம் பிடித்துச் சான்று கெட்டுவிடும். குளித்துவிட்டாலும், நாள் கடந்துவிட்டாலும், போவதை விட்டுவிடாதீர்கள். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பணியகத்தைக் கேளுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1929.

அதன்பின் வருவதுதான் நெடும்பாதை. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடும். ஒவ்வொரு தவணைக்கும் தாய் ஒரு நாள் கூலியை இழக்கிறாள். பஸ் காசு வேறு. வெங்காயம் கிண்டும் நாளிலோ அரிவி வெட்டும் நாளிலோ தவணை விழுந்தால் அவள் எதை விடுவாள்? வழக்குகள் பல கைவிடப்படுவது பயத்தால் மட்டுமல்ல, களைப்பாலும்தான் என்பது எமது எண்ணம். இங்கேதான் விவசாயக் குடும்பங்களால் செய்யக்கூடியது நிறைய உண்டு. உங்கள் வயலுக்கு நாங்கள், எங்கள் வயலுக்கு நீங்கள் என்று மாறிமாறி வேலை செய்து பழகியவர்கள் நாம். தவணை நாளில் இரண்டு பேர் அவளுடைய பாத்தியில் இறங்கலாம். ஒரு பெண் அவளோடு நீதிமன்ற வாங்கில் போய் இருக்கலாம். மாதர் சங்கத்தின் சேமிப்பிலிருந்து பஸ் காசு கொடுக்கலாம். எதற்காக என்று கூட்டத்தில் விளக்கத் தேவையில்லை.

பிள்ளை பாடசாலைக்குத் திரும்ப வேண்டும். அதிபருக்கும் வகுப்பாசிரியருக்கும் மட்டும் விடயம் தெரிந்தால் போதும். சில நாள் பேசாமல் இருப்பாள், சில நாள் காரணமில்லாமல் கோபிப்பாள். பக்கத்து வீட்டுச் சிநேகிதி வழக்கம்போல் காலையில் படலையில் வந்து கூப்பிடட்டும்.