துணி கட்டினால் தண்ணீர் தெளியுமா?



மண்ணூரில் எங்கள் வீட்டிலிருந்து படிக்கப் போன முதல் ஆள் நான்தான். அப்பா மண் வேலைக்குப் போகிறவர். போன மழைக்காலத்தில் ஊர்ப்பக்கம் ஒரு கட்டட வேலைக்காக மண்ணை வெட்டிக் குவித்து அப்படியே விட்டுவிட்டார்கள். ஒரே மழைதான், எங்கள் குளம் செம்மண் கரைசலாகிவிட்டது. சிவில் படிக்கிற தோரணையில், "குறுக்கே துணி கட்டி வடிகட்டினா சரியாயிடும்மா" என்றேன். அம்மா சிரித்தார். "நான் தினமும் குடத்து வாயில துணி கட்டித்தானே புடிக்கிறேன். தூசிதான் நிக்குது, கலங்கல் நிக்குதா?"

பதில் தெரியாமல் விழித்தேன். பிறகு தேடிப் படித்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

ஸ்டோக்ஸ் விதிப்படி, துகளின் விட்டம் பத்தில் ஒரு பங்கானால் அது படியும் வேகம் நூறில் ஒரு பங்காகும். அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்க 0.1 மி.மீ. மணலுக்குச் சுமார் 2 நிமிடம் போதும். 0.01 மி.மீ. வண்டலுக்கு 3 மணி நேரம். 0.001 மி.மீ. களிமண்ணுக்கோ 12 நாளுக்கு மேல்!

துறைமுகங்களில் தூர் வாரும்போது 'சில்ட் கர்ட்டன்' கட்டுகிறார்கள். மேலே மிதவை, கீழே கனத்துக்குச் சங்கிலி, நடுவில் பாலிப்ராப்பிலீன் போன்ற கெட்டித் துணி. இதற்கு வடிகட்டுவது முக்கிய வேலை இல்லை. கலங்கிய நீரை ஓரிடத்தில் தேக்கி நிறுத்தும்; மண் தானாகப் படியும். அடியில் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் துணியே சேற்றில் புதைந்துவிடும். நீரோட்டம் நொடிக்கு அரை மீட்டரைத் தாண்டினால் திரை பயன்படாது.

கட்டட வேலைக்கு இதன் தம்பி 'சில்ட் ஃபென்ஸ்'. மண் குவியலுக்குக் கீழே, சரிவுக்குக் குறுக்காக, சம மட்டத்தில் குச்சி நட்டுத் துணி கட்டணும். துணியின் அடியைச் சின்னப் பள்ளம் தோண்டிப் புதைக்கணும். இல்லாவிட்டால் தண்ணீர் அடியிலேயே அரித்துக்கொண்டு ஓடிவிடும். ஓடுகிற வாய்க்காலுக்குக் குறுக்கே கட்டினால் வெள்ளம் பிடுங்கிக்கொண்டு போய்விடும். பின்னால் சேருகிற மண்ணை அவ்வப்போது அள்ளணும்.

ஆனால் நுண்ணிய களிமண்ணைத் துணி நிறுத்தாது. அம்மா சொன்னது சரிதான்! துகள்களை ஒன்று சேர்த்துக் கனமாக்கப் படிகாரம் வேண்டும். நம் பாட்டிமார் பானைக்குள் தேற்றாங்கொட்டையை உரசியதும் இதற்குத்தான். குடிநீரின் கலங்கல் 1 என்.டி.யு.வுக்குள் இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 10500.

நம் பக்கத்துச் செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3645 மில்லியன் கன அடி. சென்னைக்கே குடிநீர் தரும் அந்த ஏரியானாலும் சரி, எங்கள் ஊர்க் குளமானாலும் சரி, உள்ளே படிகிற ஒவ்வொரு கூடை மண்ணும் ஒரு கூடைத் தண்ணீரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதைத் திரும்பத் தூர் வார எங்கப்பா மாதிரி எத்தனை பேர் வெயிலில் நிற்கணும்!

நண்பர்களே, நாளை நாம் சைட்டில் சூபர்வைசராக நிற்போம். மண்ணைக் குவிக்கச் சொல்லும் முன்பே அதன் கீழே துணி கட்டச் சொல்வோம். கலங்கிய பிறகு தெளிய வைப்பதைவிட, கலங்காமல் காப்பது சுலபம்.