அந்த மினியும் இந்த மினியும்

இங்கிலாந்தில் பழைய மினி மோட்டார் வைத்திருக்கும் ஒருவரிடம் போய், "அடடே, உங்களிடமும் மினி இருக்கிறதா? எங்கள் மாப்பிள்ளைகூடப் போன மாதம்தான் ஒரு மினி வாங்கினார்!" என்று சொல்லிப் பாருங்கள். மனிதர் முகம் மலர்ந்து, "அப்படியா! எந்த வருஷத்து வண்டி?" என்று கேட்பார். "புத்தம் புதுசு!" என்று சொன்னீர்களோ, போச்சு. மலர்ந்த முகம் வாடிவிடும். "ஓகோ, அதுவா? அது மினி இல்லை, அம்மா. அது 'பினி'!" என்பார்.

'பினி' என்பது பழைய கார் அபிமானிகள் புதிய மினிக்குச் சூட்டியிருக்கும் திருநாமம். அதைத் தயாரிப்பது பி.எம்.டபிள்யூ. என்னும் ஜெர்மன் கம்பெனி. அந்தப் 'பி'யை எடுத்து மினியின் தலையில் வைத்தால் 'பினி'! பரிகாசம் மட்டுமில்லை, பெயரைக்கூட முழுசாகக் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் பழைய மினியைத் தெரியும். டெலிவிஷனில் மிஸ்டர் பீன் என்ற கோணங்கி ஆசாமி, கதவில் பூட்டுத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு குட்டி வண்டியை ஓட்டிப்போவாரே, பச்சை உடம்பும் கறுப்பு மூடியுமாக, அதேதான். அந்தத் தகர டப்பாவுக்கா இத்தனை சண்டை என்று கேட்கத் தோன்றும். கேட்கத்தான் வேண்டும். அதற்கு அந்த டப்பா பிறந்த கதை தெரிய வேண்டும்.

1956-ல் எகிப்தின் ஜனாதிபதி நாஸர் சூயஸ் கால்வாயைத் தேசவுடைமை ஆக்கினார். அதையொட்டி மூண்ட சண்டையில் எண்ணெய்க் கப்பல்கள் வரும் வழி அடைபட்டது. அந்த டிசம்பரில் இங்கிலாந்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்துவிட்டது. ஜனங்கள் பெட்ரோலை மிச்சம் பிடிக்க, முட்டை ஓட்டுக்குச் சக்கரம் வைத்தது போன்ற 'குமிழி கார்'களைத் தேடி ஓடினார்கள். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் தலைவர் ஸர் லெனார்ட் லார்டுக்கு இந்தக் குமிழிகளைக் கண்டாலே ஆகாது. தம் கம்பெனியின் நிபுணர் அலெக் இஸிகோனிஸைக் கூப்பிட்டு, "நாலு பேர் கௌரவமாக உட்கார்ந்து போகிற சின்ன வண்டி ஒன்று வேண்டும். ஆனால் எஞ்சின் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற எஞ்சினாகத்தான் இருக்க வேண்டும்" என்று உத்தரவு போட்டார்.

இஸிகோனிஸ் செய்த தந்திரத்தை ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்ந்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். கட்டிலை நீளவாட்டில் போட்டால் அறை நிறைந்துவிடுகிறது. குறுக்கே திருப்பிப் போட்டால் நடக்க இடம் கிடைக்கிறது அல்லவா? அவர் எஞ்சினைக் குறுக்கே திருப்பிப் போட்டார்! கியர்பெட்டியை எஞ்சினுக்கு அடியில், அதே எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே வைத்தார். சக்கரத்தை 10 அங்குலமாகக் குறுக்கி, வண்டியின் நாலு மூலைக்கும் தள்ளிவிட்டார். ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர். மொத்த நீளம் 10 அடி; அதில் 80 சதவிகித இடம் மனிதர்களுக்கும் மூட்டை முடிச்சுகளுக்கும்! கண்ணாடியை மேலும் கீழும் இறக்குவதற்குப் பதில் பக்கவாட்டில் தள்ளும்படி வைத்ததால் கதவின் வயிறு காலியாயிற்று. அதில் சாமான் போட்டுக்கொள்ள ஒரு பெரிய பை. பின் ஸீட்டுக்கு அடியில் அளவாகச் செருகிக்கொள்ளப் பிரம்புக் கூடைகூட விற்றார்கள். பின்பக்க மூடியைக் கீழே சாய்த்து, அதன்மேலும் சாமான் ஏற்றலாம். அப்போதும் நம்பர் தெரிய வேண்டுமே என்று நம்பர் பலகைக்கும் ஒரு கீல்! குடும்பம் நடத்தத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று யோசனை சொல்லியிருப்பாரோ என்று சந்தேகம் வருகிறது. இஸிகோனிஸோ கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளாதவர்.

1959 ஆகஸ்டு 26-ந் தேதி வண்டி வெளிவந்தது. விலை, வரி உட்பட 497 பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு. முதலில் தரையில் மழைத் தண்ணீர் கசிந்தது. ஜனங்களும் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். பிறகு பாருங்கள், மோஸ்தர் பிடித்துக்கொண்டது. 1964, 1965, 1967 என்று மூன்று வருஷம் மாண்டி கார்லோ பந்தயத்தில், பனி மலைப் பாதைகளில், பெரிய பெரிய வண்டிகளைத் தோற்கடித்தது இந்தச் சுண்டெலி. உடை அலங்கார நிபுணர் மேரி குவாண்ட் குட்டைப் பாவாடைக்கு 'மினி' என்று பெயர் வைத்ததே, தமக்குப் பிடித்த இந்தக் காரின் நினைவாகத்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். பிரபுவும் வைத்திருந்தார், அவர் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவரும் வைத்திருந்தார். மொத்தம் 53 லட்சம் வண்டிகளுக்கு மேல் விற்றுவிட்டு, 2000 அக்டோபர் 4-ந் தேதி கடைசி மினி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது.

இனித்தான் சொத்துத் தகராறு. மினிக்கு உரிமையாளரான ரோவர் கம்பெனியை 1994-ல் பி.எம்.டபிள்யூ. வாங்கியிருந்தது. ஆறு வருஷம் நஷ்டப்பட்டு, 2000-ல் ரோவரைப் பத்தே பவுண்டுக்குக் கைகழுவியது. ஆனால் மினி என்ற பெயரை மட்டும் கொடுக்கவில்லை. வீட்டை விற்றவர், பூஜை அறைக் குத்துவிளக்கை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு புறப்பட்ட மாதிரி! இதில் ஒரு வேடிக்கை: இஸிகோனிஸின் தாயார் பவேரியாக்காரர். ரோவரை வாங்கியபோது பி.எம்.டபிள்யூ.வின் தலைவராக இருந்த பிஷெட்ஸ்ரைடர், இஸிகோனிஸுக்குத் தாய்வழி உறவு. ஆக, சொத்து முழுக்க அந்நியர் கைக்குப் போய்விட்டது என்றும் சொல்வதற்கில்லை.

2001-ல் புதிய மினி விற்பனைக்கு வந்தது. பிறந்த இடம் ஆக்ஸ்போர்டு நகரத்தை அடுத்த கௌலி தொழிற்சாலை. நம் அம்பாஸடரின் மூதாதையான மாரிஸ் ஆக்ஸ்போர்டு பிறந்த அதே இடம்! (அம்பாஸடரின் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது.) அதே வட்டக் கண், அதே தட்டைக் கூரை, அதே மூக்கு. வாங்க வந்தவர்கள் சொக்கிப் போனார்கள். பழைய அபிமானிகளோ அளவுகோலை எடுத்தார்கள்.

10 அடி வண்டி கிட்டத்தட்ட 12 அடி ஆகியிருந்தது. சுமார் 600 கிலோ இருந்த எடை ஆயிரம் கிலோவைத் தாண்டிவிட்டது. சரி, உள்ளேயாவது தாராளமா என்றால், பின் ஸீட்டில் உட்கார்ந்தவரின் முழங்கால் முன் ஸீட்டை இடிக்கிறது. "சின்ன வண்டியில் பெரிய இடம் செய்தார் இஸிகோனிஸ்; இவர்கள் பெரிய வண்டியில் சின்ன இடம் செய்திருக்கிறார்கள்" என்பதுதான் இவர்களுடைய புகாரின் சாரம். அதற்குப் பிறகு அதே பெயரில் வந்த 'கண்ட்ரிமேன்' இன்று பதினான்கரை அடி. அதன் மேலும் 'மினி' என்றே எழுதியிருக்கிறது! இதைக் கேட்டு அவர்கள் தலையில் அடித்துக்கொள்வதில் தப்பில்லை.

ஆனால் அளவு மட்டும் அவர்களை உறுத்தவில்லை. பழைய மினியில் வேகம் காட்டும் வட்டக் கடிகாரம் பலகையின் நட்டநடுவில் இருக்கும். அழகுக்காகவா? இல்லை. இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டும் தேசத்துக்கும் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டும் தேசத்துக்கும் ஒரே அமைப்புப் போதுமே என்ற சிக்கனம். புதிய மினியிலும் கடிகாரம் நடுவில்தான் இருந்தது, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு. அங்கே சிக்கனம் ஏது? பழசு அப்படி இருந்தது, அதனால் புதுசும் அப்படி இருக்கட்டும் என்பதுதான் காரணம். மற்றதெல்லாமும் இதே கதை. முன்னே தேவையாக இருந்தது, பின்னே நகையாகிவிட்டது.

நம் வீட்டு ஈயச் சொம்பை நினைத்துப் பாருங்கள். நேரே அடுப்பு நெருப்பில் வைத்தால் உருகிவிடும் என்று பயந்து பயந்து, அதில் புளித்தண்ணீரை விட்டு, பக்குவம் பார்த்து ரசம் வைப்போம். அதே வளைவு, அதே கழுத்தோடு எவர்சில்வரில் ஒரு சொம்பு செய்து, "ஈயச் சொம்பு மாதிரியே இருக்கிறது, பார்!" என்று மருமகள் வாங்கி வந்தால், மாமியார் என்ன சொல்வார்? "சொம்பு நன்றாகத்தான் இருக்கிறது, ரசம் எங்கே?" என்பார். அந்த மாமியாரின் குரல்தான் 'பினி' என்று சொல்கிறவர்களின் குரல்.

மருமகள் பக்கத்திலும் நியாயம் உண்டு. எவர்சில்வர் உருகாது. பழைய மினியின் முன்பக்கத்தில் ஓட்டுகிறவரின் காலுக்கும் எதிரே வரும் லாரிக்கும் நடுவில் இருந்ததெல்லாம் ஒரு குட்டி எஞ்சினும் மெல்லிய தகடும்தான். 1959-ல் அதற்கு ஸீட் பெல்ட்கூடக் கூடவே வரவில்லை. காற்றுப் பை, மோதலில் கசங்கித் தாங்கும் முன்பாகம், கனமான கதவு எல்லாவற்றையும் இன்றைய பந்தோபஸ்தும் சட்டமும் கேட்கும்போது, 10 அடியில் எல்லாவற்றையும் அடைக்க இஸிகோனிஸே மறுபடி பிறந்து வந்தாலும் திண்டாடித்தான் போவார். குழந்தையைப் பள்ளிக்கூடம் அழைத்துப்போகிற தாயாரிடம் எந்த மினி வேண்டும் என்று கேட்டால், நான் அறிந்தவரை ஒரே பதில்தான் வரும். பழைய அபிமானிகளில் பலரே தினசரி ஆபீஸுக்குப் போக வேறு புது வண்டி வைத்துக்கொண்டு, மினியை ஞாயிற்றுக்கிழமை வெயிலுக்கு மட்டும் வெளியே எடுக்கிறார்கள். இதை அவர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

இத்தாலியில் இதே நாடகம் இவ்வளவு காரமாக நடக்கவில்லை என்றே தோன்றுகிறது. அங்கே 1957 ஜூலை 4-ந் தேதி பிறந்த ஃபியட் 500, மினியைவிடக்கூடச் சின்னது. நீளம் 3 மீட்டருக்குள். பின்னால் இரண்டே சிலிண்டர் எஞ்சின், மேலே மடக்கும் துணிக்கூரை. ஸ்கூட்டரில் குடும்பத்தை அடுக்கிக்கொண்டு போனவர்களுக்காக தாந்தே ஜியாகோஸா என்பவர் உண்டாக்கியது. 1975-ல் நின்றுவிட்டது. பிறகு, சரியாக 50 வருஷம் கழித்து, 2007 ஜூலை 4-ந் தேதி, டூரின் நகரத்தில் திருவிழாப் போலக் கொண்டாடி, புதிய 500-ஐ வெளியிட்டார்கள். எஞ்சின் முன்பக்கம் வந்துவிட்டது, தயாரித்ததோ போலந்தில். ஆனாலும் ஊர் சிரித்துக்கொண்டே வரவேற்றது. கார்லெண்டா என்ற சின்ன ஊரில் வருஷா வருஷம் கோடையில் பழைய 500-கள் நூற்றுக்கணக்கில் கூடுகின்றன. அங்கே அந்தக் காருக்கென்று ஒரு மியூஸியமும் இருக்கிறது.

ஏன் இந்த வித்தியாசம்? இத்தாலியில் 32 வருஷம் இடைவெளி இருந்தது. பிள்ளையைப் பெற்றதும் பழைய தாய்வீடான ஃபியட்தான். பேத்தி முகத்தில் பாட்டி ஜாடை தெரிந்தால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது? இங்கிலாந்திலோ மூத்தாள் கண்மூடி ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் இளையாள் அதே பெயரைச் சூட்டிக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

வோக்ஸ்வேகன் பீட்டிலின் கதை இதைவிட விசித்திரம். 1997-ல் 'புதிய பீட்டில்' வந்தபோது பழைய பீட்டில் இன்னும் சாகவே இல்லை! மெக்ஸிகோவில் பூப்லா நகரத்தில், ஒரே தொழிற்சாலை வளாகத்தில், 2003 ஜூலை 30 வரை இரண்டும் தயாராகிக்கொண்டிருந்தன. பழையதற்குப் பின்னால் எஞ்சின், காற்றுதான் அதைக் குளிர வைக்கும். புதியதோ உள்ளுக்குள் சாதாரண கோல்ஃப் கார். புதியதில் ஓட்டுகிறவர் முன்னால் ஒரு பூ வைக்க குட்டி ஜாடி வைத்துக் கொடுத்தார்கள். பழைய நாளில் பீட்டில்காரர்கள் பீங்கான் ஜாடி வாங்கித் தாங்களே பொருத்திக்கொண்டதன் ஞாபகார்த்தம் அது. 2019-ல் புதியதும் நின்றுவிட்டது. அதற்காகத் துக்கம் கேட்க வந்தவர்கள், பழையதற்கு வந்த கூட்டத்தில் கால்வாசி இருப்பார்களா என்பது சந்தேகம்.

அபிமானிகளின் வீட்டுக்குள்ளேயும் ஒரு சண்டை உண்டு. பழைய மினிக்குத் துருதான் எமன். உடம்பு முழுதும் அரித்துப் போனால், இங்கிலாந்தில் பழைய அச்சுகளைக் கொண்டே புத்தம் புதிய மினி உடலைச் செய்து கொடுக்க ஒரு ஸ்தாபனம் இருக்கிறது. உடல் புதுசு, எஞ்சின் மாற்றியது, ஸீட் தைத்தது. நம்பர் மட்டும் 1965! இது பழைய மினியா, புது மினியா? கைப்பிடியையும் மாற்றி, அலகையும் மாற்றிய பிறகு, "என் பாட்டி காலத்து அரிவாள்மணை" என்று சொல்லலாமா? சொல்லலாம் என்பது பெரும்பாலோர் கட்சி. இப்போது சிலர் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்சார மோட்டாரைப் பொருத்துகிறார்கள். பி.எம்.டபிள்யூ.வே 2022-ல் பழைய மினிகளுக்கு அப்படி ஒரு திட்டத்தை அறிவித்தது. பழைய வாகனச் சங்கங்களின் சர்வதேச சம்மேளனம் மட்டும் இதை ஆதரிக்க முடியாது என்று 2019-லேயே சொல்லிவிட்டது. புகையும் சத்தமும் போனால் வண்டியின் சரித்திரமும் கூடவே போகிறது என்பது பழைமைவாதிகளின் வாதம்.

இதற்கிடையில், 2001-ல் 'பினி' என்று ஏசப்பட்ட வண்டிகளுக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. அவற்றுக்கும் சங்கங்கள் இருக்கின்றன. உதிரி பாகம் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை துடைத்து மெருகேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். 2024-ல் வந்த மிகப் புதிய மினியில் கையால் மாற்றும் கியர் கிடையாது. முள் வைத்த கடிகாரமும் கிடையாது. நடுவில் வட்டமாக ஒரு சினிமாத் திரை மட்டும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் பழைய 'பினி'க்காரர்கள் முணுமுணுக்கிறார்களாம்: "இதெல்லாம் ஒரு மினியா?"