வீட்டுச் சமையல் வகுப்பு

வீட்டுச் சமையல் வகுப்பு என்பது, குடும்பத்தினர் தமது இல்லத்திற்கு விருந்தினரை வரவழைத்து, கட்டணம் பெற்றுச் சமையல் கற்பித்து, சமைத்த உணவை அவர்களுடன் உண்ணும் முறையாகும். இந்தியாவில் கொச்சி, உதயப்பூர், தில்லி முதலிய சுற்றுலா நகரங்களில் இவ்வகுப்புகள் நடைபெறுகின்றன. உணவகங்களில் எளிதில் கிடைக்காத அன்றாட வீட்டு உணவை அறிய விரும்புவோர் இவற்றில் பங்கேற்கின்றனர்.

வரலாறு

இந்தியாவில் சமையற்கலை பெரும்பாலும் தாயிடமிருந்து மகளுக்கும், மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் பார்த்துப் பழகும் வழியில் கைமாறி வந்துள்ளது. உறவினர் அல்லாதோருக்கும் கற்பிக்கும் வகுப்புகளை 1950களில் தில்லியில் பல்பீர் சிங் என்ற பெண்மணி நடத்தினார். இவரது 'இந்தியன் குக்கரி' என்னும் நூல் 1961இல் வெளியானது. தர்லா தலால் (1936–2013) மும்பையில் தமது வீட்டில் 1966இல் வகுப்புகளைத் தொடங்கினார்; 2007இல் பத்மசிறீ விருது பெற்றார். நகரத் திட்டமிடல் துறையில் பணியாற்றிய ஜூலி சாஹ்னி, 1970களில் நியூயார்க்கில் இந்தியச் சமையல் கற்பிக்கத் தொடங்கினார். இவரது 'கிளாசிக் இந்தியன் குக்கிங்' 1980இல் வெளிவந்தது.

கற்பிக்கும் முறை

வகுப்பு பெரும்பாலும் சில மணி நேரம் நீடிக்கும். சில வீடுகளில் காய்கறிச் சந்தைக்குச் செல்வதிலிருந்தே பாடம் தொடங்கும். வீட்டில் சமைப்போர் பலர் கண்ணளவாகவே உப்பும் காரமும் இடுவதால், அதனைப் பிறருக்கு விளக்குவது எளிதன்று. எனவே அளவுகளுடன், புலன்களால் அறியத்தக்க அடையாளங்களும் கற்பிக்கப்படுகின்றன.

தாளிப்பு இதற்கு எடுத்துக்காட்டாகும். கடுகு வெடிப்பது எண்ணெய் போதிய அளவு காய்ந்ததைக் காட்டும். நறுமணப் பொருட்கள் பல நீரைவிட எண்ணெயில் நன்கு கரைவதால், தாளித்த எண்ணெய் வழியே மணம் உணவு முழுவதும் பரவுகிறது. மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் ஆகியன விரைவில் கருகுவதால் பின்னரே இடப்படுகின்றன. சப்பாத்தி மாவைப் பிசைந்தபின் ஊறவிடுவது, அது சுருங்காமல் விரிவதற்கு உதவும். மாவிலுள்ள நீர் ஆவியாவதாலேயே சப்பாத்தி உப்புகிறது.

சமூகப் பின்னணி

யார் சமைக்கலாம், யாருடன் உண்ணலாம் என்பனவற்றைச் சாதி சார்ந்த தீட்டுக் கருத்துகள் நெடுங்காலம் வரையறுத்து வந்தன. பல வீடுகளில் சமையலறை பிறர் நுழைய இயலாத இடமாக இருந்தது. அறிமுகமற்றவர் அடுப்பருகே நின்று கற்பது இவ்வழக்கத்திலிருந்து பெரிதும் வேறுபட்டதாகும். ஆயினும், வெளிநாட்டு விருந்தினருக்குத் திறக்கும் சமையலறை அவ்வீட்டின் பணியாளருக்கும் திறந்திருக்கும் எனக் கொள்ள இயலாது.

பெண்கள் ஊதியமின்றிச் செய்துவந்த வேலை, இவ்வகுப்புகளில் வருமானம் தரும் தொழிலாகிறது என்பது குறிப்பிடத்தக்கது.

விதிமுறைகள்

இந்தியாவில் வீட்டில் சமைத்து விற்போரும் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின்கீழ் பதிவோ உரிமமோ பெறவேண்டும். வெங்காயம், பூண்டு, இறைச்சி ஆகியவற்றைத் தவிர்க்கும் வீடுகளும் உள்ளன. எனவே உணவு வழக்கங்களையும் ஒவ்வாமைகளையும் இரு தரப்பினரும் முன்னரே தெரிவித்துக்கொள்வது நன்று.

இவற்றையும் பார்க்க

- இந்திய உணவு
- தாளிப்பு
- விருந்தோம்பல்